பன்னிரண்டு பேருக்கு ஒரு புஷ்பவல்லி

1

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை அலுவலகக் கணினியைத் திறந்ததும் திரை முழுக்கப் பலூன்கள் பறந்தன. 'அன்புள்ள குமரேசன், எங்களோடு பதினோரு ஆண்டுகளை நிறைவு செய்துவிட்டீர்கள், வாழ்த்துகள்' என்று ஒரு மடல். மனிதர் யாரும் அனுப்பியதில்லை. நான் சேர்ந்த தேதியைப் பார்த்து மனிதவளத் துறையின் மென்பொருள் தானாக அனுப்பியது. அந்தத் துறையில் என் முகம் தெரிந்த கடைசி ஆள் போன வருடமே வேலையை விட்டுப் போய்விட்டார்.

ஆறு மாத வேலை என்று சொல்லித்தான் அவிநாசியிலிருந்து கோலாலம்பூர் வந்தேன். ஒரே ஒரு பெட்டி. அதிலும் பாதி இடத்தைப் பருப்புப்பொடி அடைத்துக்கொண்டது. இப்போது பிரிக்பீல்ட்ஸில் பதினேழாவது மாடியில் வாடகை வீடு, மனைவி கவிதா, பதினைந்து வயதில் மகள் யாழினி. இது அத்தனையும் வேலை அனுமதி என்கிற ஒற்றை ஆணியில் தொங்குகிறது. இங்கே அதைப் 'பாஸ்' என்பார்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கம்பெனி கடிதம் கொடுக்க வேண்டும், அப்போதுதான் பாஸ் புதுப்பிக்கப்படும். பாஸ் இருந்தால்தான் வாடகை ஒப்பந்தம், மகளின் பள்ளி, வங்கி அட்டை எல்லாம். பலூன் பறந்த அந்த வாரத்தில் என் புதுப்பிப்புக் கடிதம் சிங்கப்பூரில் எங்கள் வட்டார மேலாளர் ஹெலனின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

ஊருக்கு வரும்போதெல்லாம் அங்கே என்னதான் வேலை என்று கேட்கிறார்கள். என் மச்சான் இன்னும் நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு தொழிற்சாலைக்குள் மூலப்பொருள் வந்து இறங்குவதிலிருந்து, செய்த சரக்கு லோரி ஏறுவது வரை, யார் வாங்கினார், யார் சரிபார்த்தார், யார் அனுப்பினார் என்பதையெல்லாம் ஒரே இடத்தில் வைத்திருக்கும் மென்பொருளை எங்கள் கம்பெனி விற்கிறது. அதை வாங்கியவர்களைக் கட்டி மேய்ப்பது என் வேலை. லாரி என்று எழுத நினைத்தேன், கை லோரி என்று எழுதுகிறது. பதினோரு வருடம் ஆகிவிட்டது என்பதற்குப் பலூனைவிட இதுதான் நல்ல சாட்சி.

2

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் மென்பொருளை வீடு விற்பதுபோல விற்றோம். வாடிக்கையாளர் ஒரு முறை பெரிய தொகை கட்டுவார். எங்கள் ஆட்கள் மாதக்கணக்கில் அவருடைய தொழிற்சாலையிலேயே கிடந்து நிறுவுவார்கள். நல்ல நாள் பார்த்து இயக்கி வைத்து, பிரியாணி சாப்பிட்டுக் கிளம்பிவிடுவோம். அதற்குப் பிறகு அவர் பயன்படுத்தினாரா, பரணில் தூக்கிப் போட்டாரா என்பது எங்கள் கவலை இல்லை.

இப்போது எல்லாம் வாடகை. மென்பொருள் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு கிளவுட்டில் இருக்கிறது. வாடிக்கையாளர் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்களோ அத்தனை பேருக்கு ஆண்டுச் சந்தா கட்டுகிறார். பிடிக்கவில்லை என்றால் அடுத்த வருடம் காலி செய்துவிட்டுப் போகலாம். அப்படிப் போய்விடாமல் பார்த்துக்கொள்வதற்காகவே ஒரு பதவியை உண்டாக்கி என்னை அதில் உட்கார வைத்தார்கள். பெயர் 'கஸ்டமர் சக்ஸஸ் மேனேஜர்'. விசிட்டிங் கார்டில் இதைப் படித்த மச்சான், "அவனுக்கு சக்சஸ் சரி, உனக்கு என்ன மாப்ள?" என்றார்.

இந்தப் பதவியில் வாடிக்கையாளரைப் போய்ப் பார்ப்பதைவிட அவருடைய மதிப்பெண்ணைப் பார்ப்பதுதான் அதிகம். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஆரோக்கிய மதிப்பெண் உண்டு. எத்தனை பேர் உள்ளே நுழைகிறார்கள், எத்தனை பக்கங்களைத் திறக்கிறார்கள் என்று எண்ணி, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று திரை காட்டும். சிவப்பு என்றால் காலி செய்யப் போகிறார் என்று பொருள். சின்ன வாடிக்கையாளர் சிவப்பாக இருந்தால் அவருக்கு மனிதர்களைச் செலவழிக்க வேண்டாம், கேள்விகளுக்கு ஏஐ பதில் சொல்லட்டும் என்பது இந்த வருடத்தின் கொள்கை. மனிதர்களைக் குறைப்பதற்குத் தயாரான ஒரு பட்டியலும் கூடவே இருக்கிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

என் பட்டியலில் இரண்டு காலாண்டாகச் சிவப்பில் இருந்தது கிள்ளானை அடுத்த மேருவில் உள்ள ஒரு தொழிற்சாலை. உணவு டப்பாக்களுக்குப் பிளாஸ்டிக் மூடி செய்கிறார்கள். முந்நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் ஐந்தே ஐந்து பேர்தான் மென்பொருளைத் தொடுகிறார்கள் என்று திரை சொன்னது. அது பொய் என்று எனக்குத் தெரியும். அந்த ஐந்தில் 'புஷ்பா01' என்ற ஒரு பெயருக்குள் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அவர்களை அதற்குள் அனுப்பி வைத்ததே நான்தான்.

அதே திங்கட்கிழமை மதியம் அந்தப் புஷ்பாவே தொலைபேசியில் கூப்பிட்டார். சாயங்காலம் கிள்ளானுக்கு வர முடியுமா என்று கேட்டார். அவர் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

3

புஷ்பவல்லி அக்கா அந்தத் தொழிற்சாலையின் கிடங்கு மேற்பார்வையாளர். கிள்ளானில் வீடு, அண்ணன் தம்பிகள் எல்லாம் காப்பாரில். ஒன்பது வருடங்களுக்கு முன்னால் நான் அங்கே மென்பொருள் நிறுவப் போனபோது முதல் நாள் அவர் கேட்ட கேள்வி, "பசியாறியாச்சா தம்பி?" பசியாறுவது என்றால் இங்கே காலைச் சாப்பாடு. எனக்கு அது தெரியாது. பசியே இல்லீங்க என்று சொல்லிவிட்டேன். நான் 'ங்க' போட்டுப் பேசுவதைக் கேட்டுக் கிடங்கே சிரித்தது. அன்றிலிருந்து மூன்று மாதம் எனக்குக் காலையில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் அவர் கணக்கில்தான் வந்தது.

அப்போது அந்தத் தொழிற்சாலை ஒரு சீன தவுக்கேயுடையது. தவுக்கே என்றால் முதலாளி. அவர் ஐந்து பேருக்கான உரிமம்தான் வாங்கினார். கணக்குப் பிரிவுக்கு நான்கு போக, கிடங்குக்கும் தர ஆய்வுக்கும் சேர்த்து மிச்சம் ஒன்று. வேலை செய்பவர்களோ பன்னிரண்டு பேர். தவுக்கே என்னைப் பார்த்து, எப்படியாவது சமாளி என்றார்.

சமாளிப்பதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் முதல் வேலை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில். அங்கே கட்டிங், தையல், பேக்கிங் என்று எல்லா மேசையிலும் கணினியில் முதலாளியின் பெயர்தான் இருக்கும். கடவுச்சொல் அவருடைய ஸ்கூட்டர் நம்பர். வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். முதலாளி ஊட்டியில் இருக்கும்போது அவர் பெயரில் நூறு பெட்டி ஏற்றுமதி ஆகும். யாரும் இதைத் தப்பு என்று நினைத்ததில்லை. வேலை நடக்கிறதா, அதுதான் கேள்வி. வேலையை நிறுத்தாமல் ஓட்டத் தெரிந்தவன் கெட்டிக்காரன் என்று நான் அங்கே பெயர் வாங்கினேன். அந்தப் பெயரை நம்பித்தான் இந்த மென்பொருள் கம்பெனி என்னை இங்கே எடுத்தது.

மேருவிலும் அதையே செய்தேன். புஷ்பவல்லி அக்காவின் பெயரில் ஒரு உள்நுழைவு. 'கிடங்கு, தர ஆய்வு ஆட்கள் எல்லோரும் புஷ்பா01 வழியாகவே நுழையவும்' என்று தமிழிலும் கீழே மலாயிலும் பெரிய எழுத்தில் ஒரு தாள் அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, கிடங்குச் சுவரில் ஒட்டினேன். கீழே என் கையெழுத்து. அக்கா அப்போதே தயங்கினார். என் பெயரில் எல்லாரும் கை வைத்தால் நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். நான் இருக்கிறேன் அக்கா, எல்லா இடத்திலும் இப்படித்தான் என்றேன். எல்லா இடத்திலும் என்று நான் சொன்னது திருப்பூரை.

4

மூன்று வருடங்களுக்கு முன்னால் அவர்களைக் கிளவுட்டுக்கு மாற்றினோம். அப்போதே பன்னிரண்டு பேருக்கும் தனித்தனி உள்நுழைவு கொடுத்திருக்க வேண்டும். அதற்குச் சந்தா ஏகத்துக்கு ஏறும். காலாண்டு முடிய நான்கு நாள் இருந்தது. விலையைப் பார்த்துத் தவுக்கே பேனாவை மூடி வைத்துவிடுவார் என்று எங்கள் விற்பனைப் பிரிவு பயந்தது. இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னது நான்தான். அந்தப் பிறகு வரவே இல்லை.

கிளவுட் வந்ததும் பாதுகாப்புக்கு என்று இன்னொன்று வந்தது. புதிதாக நுழையும்போதும், முக்கியமான எதையும் உறுதி செய்யும்போதும், பெயருக்கு உரியவரின் கைப்பேசிக்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும். அதை அடித்தால்தான் அடுத்த கதவு திறக்கும். பெயருக்கு உரியவர் புஷ்பவல்லி. ஆக, பன்னிரண்டு பேரின் எண்ணும் அவருடைய போனுக்கு.

அந்த எண்ணை எல்லோரும் கோட் என்பார்கள். தொழிற்சாலையில் அவருக்குக் 'கோட் அக்கா' என்று பெயர் விழுந்தது. வங்காளதேசத்துத் தொழிலாளிகள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். பல் பிடுங்கிக்கொண்டு வாயில் பஞ்சோடு உட்கார்ந்து விரல்களால் எண் காட்டி வீடியோ காலில் கோட் கொடுத்திருக்கிறார். தைப்பூசத்துக்கு நடந்துபோகும்போது கொடுத்திருக்கிறார். மூன்று வருடமாக ஒரு படம் முழுதாகப் பார்க்கவில்லை என்று ஒருமுறை சொன்னார். நான் சிரித்தேன். எங்கள் கூட்டங்களில் இதை வேடிக்கைக் கதையாகவும் சொல்லியிருக்கிறேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

போன வருடம் தவுக்கே தொழிற்சாலையை ஷா ஆலத்தில் உள்ள ஒரு பெரிய குழுமத்துக்கு விற்றுவிட்டு ஓய்வெடுக்கப் போய்விட்டார். புது நிர்வாகம் வந்தது. எல்லாவற்றுக்கும் விதிமுறை, தணிக்கை, கையேடு. அவர்களில் யாருக்கும் புஷ்பா01 ஒரு ஆள் இல்லை என்பது தெரியாது.

5

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தே தாரேக் என்கிற நுரை டீ சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். ஏன் உங்களை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று காரணம் கேட்கும் கடிதம். அடுத்த வாரம் உள் விசாரணை.

நடந்தது இதுதான். வாய் சரியாக மூடாத ஒரு தொகுதி மூடிகளைத் தர ஆய்வில் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் யாரோ கணினியில் அந்தத் தடையை நீக்கியிருக்கிறார்கள். சரக்கு லோரி ஏறிப் போய், வாங்கிய கம்பெனி மொத்தத்தையும் திருப்பி அனுப்பியதோடு அடுத்த ஆர்டரையும் ரத்து செய்துவிட்டது. தடையை நீக்கியவர் பெயர் புஷ்பா01. உறுதிப்படுத்திய எண் அவருடைய போனுக்குத்தான் போயிருக்கிறது. அந்த நேரத்தில் அவர் காப்பாரில் தம்பி மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார். கூப்பிட்டது தர ஆய்வில் இருந்த ஒரு பெண். வேறொரு சரக்குக்கு என்று நினைத்து எண்ணைப் படித்துச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் இரண்டு வாரத்துக்கு முன்பே வேலையை விட்டுப் போய்விட்டாள். எங்கே என்று தெரியவில்லை.

"இருபத்திரெண்டு வருசம் தம்பி," என்றார். "இன்னும் மூணு வருசத்துல ரிட்டயர் ஆவேன். இப்ப டிஸ்மிஸ் பண்ணா ஒன்னும் கெடைக்காது. எந்த ஃபேக்டரில என்னைய இந்த வயசுல எடுப்பாங்க?"

அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கோட் ஒரு போனுக்கு வரும், வேலையைப் பல பேர் செய்ய முடியும் என்பதை யாராவது விவரம் தெரிந்தவர் விசாரணையில் எடுத்துச் சொல்ல வேண்டும். அந்தத் தாளைப் பற்றி அவர் பேசவே இல்லை. நானும் பேசவில்லை. பேச்சுவாக்கில் உங்க பாஸ் ரினியூ ஆயிருச்சா தம்பி என்று கேட்டார். இன்னும் இல்லை அக்கா, கடிதம் மேலாளரிடம் இருக்கிறது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். பார்க்கிறேன் அக்கா என்று சொல்லிவிட்டு எழுந்தேன். எதையும் செய்யப் போவதில்லை என்றால் நம் ஆட்கள் சொல்லும் வார்த்தை அது.

6

மறுநாளே தொழிற்சாலையிலிருந்து எங்கள் கம்பெனிக்கு அதிகாரபூர்வமாக மடல் வந்தது. பதிவு நம்பகமானதுதானா என்று விளக்க ஒருவரை விசாரணைக்கு அனுப்பக் கேட்டிருந்தார்கள். ஹெலன் என்னைத்தான் அனுப்பினார். சட்டப் பிரிவு ஒப்புதல் கொடுத்த ஒரு வாக்கியத்தையும் கூடவே அனுப்பினார்: 'அமைப்பு வடிவமைத்தபடியே இயங்கியது, பதிவில் உள்ள பெயருக்கு உரியவரே செயலுக்குப் பொறுப்பானவர்.' இதற்கு மேல் ஒரு சொல்லும் பேச வேண்டாம் என்றார். ஹெலன் கெட்டவர் இல்லை. ஒரு உள்நுழைவைப் பலர் பகிர்ந்துகொள்வது ஒப்பந்த மீறல். அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான் என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்தால் எங்கே போய் முடியும் என்பது எனக்குத் தெரியும். விசாரணை முடிந்ததும் என் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதாகவும் சொன்னார்.

வீட்டில் கவிதாவிடம் சொன்னேன். அவள் கேட்டது யாழினிக்கு அடுத்த வருடம் பரீட்சை, நடுவில் எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதை. நியாயமான கேள்வி. யாழினிக்குத் தமிழ் படிக்க வரும், எழுத வராது. அவிநாசியில் பத்து நாள் இருந்தால் பதினோராவது நாள் கிளம்பலாமா என்பாள்.

யாழினி சாப்பாட்டுத் தட்டோடு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, பாஸ்வர்ட் ஷேர் பண்ணச் சொன்னது நீங்களா? அது ஸ்டாண்டர்ட் ஃபோர்லயே பண்ணக்கூடாதுன்னு சொல்லிக் குடுத்துட்டாங்க லா." உனக்கு அதெல்லாம் புரியாது, அந்தக் காலத்து நிலைமை வேறு என்றேன். "அந்த ஆன்டிக்கும் நிலைமை வேறயா?" என்று கேட்டுவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டாள். மகள் நம்மைவிட்டு எங்கோ விலகிப் போகிறாள் என்று இத்தனை நாள் புலம்பிக்கொண்டிருந்தேன். அவள் விலகிப் போன இடத்தில் தவறு தவறாகத்தான் இருக்கிறது என்பது அன்று எரிச்சலாக இருந்தது.

7

விசாரணை அன்று ஒரு மணி நேரம் முன்னதாகவே மேரு போய்விட்டேன். நேராகக் கிடங்குக்குத்தான் போனேன். உண்மையைச் சொல்கிறேன், அந்தத் தாளைக் கழற்றிவிடும் எண்ணமும் மனதில் இருந்தது. சுவரில் தாள் இல்லை. அது இருந்த இடம் மட்டும் கட்டமாக வெளுத்துத் தெரிந்தது. யாரோ நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

விசாரணைக்குத் தலைமை ஷா ஆலத்திலிருந்து வந்த மனிதவள மேலாளர் என்சிக் ரோஸ்லான். என்சிக் என்றால் இங்கே திரு. பக்கத்தில் இன்னும் இருவர். கோபமில்லாத, பொறுமையான மனிதர். எல்லாக் கேள்வியையும் இரண்டு முறை கேட்டார். கல்யாணத்துக்குக் கட்டும் நல்ல சேலையில் அக்கா வந்திருந்தார். கோட் கொடுத்தது நான்தான் என்று மலாயில் ஒப்புக்கொண்டார். அந்தப் பெயரில் பன்னிரண்டு பேர் வேலை செய்வார்கள் என்றும் சொன்னார். அறையில் ஒரு அசைவு. அப்படிச் செய்ய உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது என்று ரோஸ்லான் கேட்டார். ஞாபகமில்லை என்றார் அக்கா. எழுத்தில் ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தாளைக் கழற்றியது அவர். தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே தாளை, அதில் என் கையெழுத்து இருக்கிறது என்பதற்காக எடுத்து ஒளித்து வைத்திருக்கிறார். என் பாஸைப் பற்றிப் பேச்சுவாக்கில் கேட்டது பேச்சுவாக்கில் இல்லை. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ரோஸ்லான் என் பக்கம் திரும்பி, பதிவு நம்பகமானதா என்று கேட்டார். ஹெலன் அனுப்பிய வாக்கியம் சட்டைப் பையில் இருந்தது. பதினோரு வருடத்தில் என் மலாய் இன்னும் கடைத்தெரு மலாய்தான், அதனால் ஆங்கிலத்தில் சொன்னேன். பதிவு நம்பகமானது, பெயர்தான் நம்பகமானதில்லை என்றேன். எல்லோரும் அந்தப் பெயரில் நுழையுங்கள் என்று சொன்னது நான், எழுதி ஒட்டியதும் நான், கிளவுட்டுக்கு மாறும்போது மாற்றாமல் விட்டதும் நான், இவர் அப்போதே வேண்டாம் என்று தயங்கினார் என்றேன்.

நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று ரோஸ்லான் கேட்டார். சுவரில் ஒரு தாள் இருந்தது, அது இவரிடம் இருக்கும் என்று நினைக்கிறேன் என்றேன். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவர் என்னை முறைத்தார். ரொம்ப நேரம் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு திறந்து, நான்காக மடித்திருந்த அந்தத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். மடிப்பில் பிளாஸ்டிக் வெளுத்துப் போயிருந்தது.

வெளியே கார் நிறுத்தும் இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்கள யாரு பேசச் சொன்னா? ஒரு ஆள் வேல போனா போதாதா? வூட்ல பொம்பளப் புள்ளைய வச்சிக்கிட்டு."

"பதில் சொல்ல நான் இருக்கேன்னு அன்னைக்குச் சொன்னேன்ல அக்கா."

"சொன்னீங்க," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பசியாறியாச்சா என்று கேட்டார். மணி பன்னிரண்டு இருக்கும்.

8

அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து வேலையில் வைத்துக்கொண்டார்கள். தர ஆய்வுத் தடையை நீக்கும் அதிகாரத்தை மட்டும் அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அதுதான் தனக்கு நிம்மதி என்றார்.

எனக்கும் ஒரு எச்சரிக்கை வந்தது. மேரு கணக்கை இன்னொருவருக்கு மாற்றினார்கள். என் பாஸுக்குக் கடிதம் கிடைத்தது, இரண்டு வருடத்துக்குப் பதில் ஒரு வருடத்துக்கு. அதற்கு மேல் என்னால் வாதாட முடியவில்லை குமரேசன் என்றார் ஹெலன். யாழினியின் பரீட்சை அந்த ஒரு வருடத்துக்குள் முடிந்துவிடும். அதன்பிறகு அவிநாசியா, இங்கேயா என்பது தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வருத்தம் இல்லை.

இதில் ஒரு கூத்தும் நடந்தது. புது நிர்வாகம் பன்னிரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சந்தா கட்டச் சம்மதித்தது. ஐந்து பேர் பதினாறு பேர் ஆனதும் சிவப்பாக இருந்த தொழிற்சாலை ஒரே வாரத்தில் பச்சையாகிவிட்டது. வட்டாரத்திலேயே பெரிய முன்னேற்றம், இதற்கு யார் காரணம் என்று மேலிடத்தில் கேட்கிறார்கள், என்ன சொல்வது என்று ஹெலனே தொலைபேசியில் கேட்டார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். கடைசியில் என்ன எழுதி அனுப்பினார் என்று தெரியாது.

அந்த உள்நுழைவுகளைப் போட்டுக் கொடுப்பதுதான் மேருவில் எனக்குக் கடைசி வேலை. காலையிலிருந்து ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள், அவரவர் பெயர், அவரவர் போன். சிலர் எழுந்து போகும்போது அக்காவிடம் தாங்க்யூ சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருத்தர் விளையாட்டாகக் கோட் கேட்டார். அக்கா கடைசியாகத்தான் வந்து உட்கார்ந்தார். பழைய பெயரை அழித்துவிட்டு முழுப் பெயரைப் போட்டேன். புதிய கடவுச்சொல்லை உள்ளிடவும் என்று திரை கேட்டது.

நான் பழக்கத்தில் அவர் தோளுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தேன். அவர் விசைப்பலகையின் மேல் இடது கையைக் கவிழ்த்து மறைத்தார்.

"தம்பி, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க."

நான் திரும்பி நின்றேன். எனக்குப் பின்னால் அவர் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தும் சத்தம் கேட்டது. அவர் அவசரப்படவே இல்லை.